மாதவிடாய் தவறி வந்தால் எதற்குப் பிறகு எதைச் செய்வது: முழுமையான வழிகாட்டி

மாதவிடாய் சரியாக வரவில்லை என்று மகளிர் மருத்துவப் பிரிவுக்கு வருபவர்களில் பலர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரையை ஏற்கெனவே விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். உதிரம் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணமே அதற்குக் காரணம். அப்படி வரவழைத்த உதிரம் தள்ளிப்போனதற்கான காரணத்தை மாற்றுவதில்லை. அதோடு, பின்னால் எடுக்கும் பரிசோதனைகளின் முடிவையும் குழப்பிவிடுகிறது. ஆகவே கீழுள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. அவகாசம் இல்லாத நிலைமைகளை முதலில் பிரித்தல்

இந்த வழிகாட்டியின் படிகள் வாரக்கணக்கில் நடப்பவை. அதுவரை பொறுக்கக் கூடாத நிலைமைகள் சில உண்டு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுவதும் நனைவது தொடர்ந்து இரண்டு மணி நேரம் நீடித்தாலோ, உதிரப்போக்கோடு எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி இருந்தால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். வெளியே சில சொட்டுகள் மட்டுமே தெரியும். அதனால் உதிரத்தின் அளவைப் பார்த்துத் தைரியமாக இருந்துவிடாமல் 108-ஐ அழையுங்கள்.

உடலுறவுக்குப் பின் உதிரம், மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் மீண்டும் உதிரம், பால் கொடுக்காத பெண்ணுக்கு முலைக்காம்பில் பால் கசிவதோடு தலைவலியும் பார்வை மங்கலும், சில மாதங்களுக்குள் குரல் தடித்து முகத்தில் முடி அடர்வது ஆகியவற்றில் எது இருந்தாலும், குறிப்பேடு எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2. தேவையானவற்றை எடுத்து வைத்தல்

ஒரு சிறிய குறிப்பேடு, அல்லது சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். அதோடு பழைய பரிசோதனை அறிக்கைகளையும், கடந்த ஆறு மாதங்களில் சாப்பிட்ட எல்லா மருந்துகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். நாட்டு மருந்துப் பொடி, லேகியம், முடி உதிர்வுக்கான சத்து மாத்திரை ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

மருந்துப் பட்டியல் ஏன் தேவை என்றால், தவறி வரும் மாதவிடாய்க்கு மருந்தே காரணமாக இருப்பது அரிதன்று. அரசு மருத்துவமனைகளில் போடப்படும் அந்தரா கருத்தடை ஊசி, மாதவிடாயைச் சிதறடிக்கவோ முழுவதும் நிறுத்தவோ செய்யும். சாயா கருத்தடை மாத்திரை முதல் சில மாதங்களில் இடைவெளியை நீட்டும். அவசரக் கருத்தடை மாத்திரை அந்தச் சுழற்சியை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளும். வாந்திக்குத் தரப்படும் டோம்பெரிடோன், மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் போன்றவை, பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி மாதவிடாயைத் தடுக்கும். மருத்துவர் கேட்கும்போது இவை நினைவுக்கு வருவதில்லை; பையில் இருந்தால் தப்பாது. மனநல மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

3. சுழற்சியைச் சரியாக எண்ணுதல்

உதிரம் தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் முதல் நாள் வரை உள்ள இடைவெளியே ஒரு சுழற்சி. உதிரம் நின்ற நாளிலிருந்து எண்ணுவது மிகவும் பரவலான பிழை. அப்படி எண்ணினால் 29 நாள் சுழற்சி 24 நாளாகத் தெரியும். உள்ளாடையில் லேசாகக் கறை படும் நாளைத் தனியாகக் குறித்துக்கொண்டு, நாப்கின் தேவைப்படும் அளவுக்கு உதிரம் வரும் நாளையே முதல் நாளாகக் கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பேட்டின் பக்கத்தைப் பார்ப்போம். ஜனவரி 3, பிப்ரவரி 6, மார்ச் 19, ஏப்ரல் 20, மே 27 என்று ஐந்து தேதிகள் இருக்கின்றன. பிப்ரவரிக்கு 28 நாள் என்று கொண்டால் இடைவெளிகள் 34, 41, 32, 37. "மாதா மாதம் வந்துகொண்டுதான் இருக்கிறது" என்று இந்தப் பெண் சொல்லக்கூடும், அதுவும் பொய்யில்லை. ஆனால் மிகக் குறைந்த இடைவெளிக்கும் மிக அதிகமான இடைவெளிக்கும் 9 நாள் வேறுபாடு இருக்கிறது, ஒரு சுழற்சி 38 நாளைத் தாண்டியிருக்கிறது. பேச்சில் தெரியாத இந்த விவரம் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. 2-ஆம் தேதி ஒருமுறையும் 30-ஆம் தேதி ஒருமுறையும் வந்துவிட்டால், ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆகிவிட்டது என்று வீடே கலங்கிப்போகும். எண்ணிப் பார்த்தால் அது 28 நாள் சுழற்சி, முற்றிலும் இயல்பானது.

தேதியோடு உதிரம் எத்தனை நாள் நீடித்தது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்ற நேர்ந்தது, அவை முழுவதும் நனைந்திருந்தனவா, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தனவா, இரவில் துணி நனைந்ததா என்பவற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். "ரொம்பப் போகிறது" என்ற சொல்லை வைத்து மருத்துவரால் முடிவெடுக்க முடியாது.

கைப்பேசிச் செயலியில் குறிப்பதில் தவறில்லை. அது காட்டும் அடுத்த தேதியையும் கரு தங்கும் நாட்களையும் மட்டும் நம்பாதீர்கள். அவை பழைய சுழற்சிகளின் சராசரியிலிருந்து கணிக்கப்படுபவை. சுழற்சியே நிலையாக இல்லாதபோது சராசரிக்குப் பொருள் இல்லை.

4. உங்கள் வயதுக்கு எது இயல்பு என்று ஒப்பிடுதல்

வளர்ந்த பெண்களுக்கு 24 முதல் 38 நாள் வரையிலான சுழற்சியும், 8 நாள் வரையிலான உதிரப்போக்கும், சுழற்சிக்குச் சுழற்சி சுமார் 7 முதல் 9 நாள் வரையிலான வேறுபாடும் இயல்புக்குள் அடங்கும். 28 நாளில் வராததால் நோய் என்று எண்ணிக் கவலைப்படுபவர்களுக்கு இந்த ஒப்பீட்டிலேயே விடை கிடைத்துவிடும்.

பூப்படைந்து மூன்று ஆண்டுகள் ஆகாத சிறுமிகளின் கணக்கு வேறு. மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் தொடர்பு முதிர நாளாகும் என்பதால், முதல் ஆண்டில் இடைவெளி ஒழுங்கின்றி இருப்பது இயற்கை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை இருக்கலாம். ஓராண்டு கடந்த பின் எந்த ஒரு இடைவெளியாவது 90 நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 15 வயதாகியும் பூப்படையாத பெண்ணையும், மார்பு வளரத் தொடங்கி மூன்று ஆண்டுகளாகியும் பூப்படையாத பெண்ணையும் "எங்கள் வீட்டில் எல்லாரும் தாமதம்தான்" என்று சொல்லி நிறுத்திவைக்கக் கூடாது.

பூப்படைந்ததிலிருந்தே மிக அதிகமாக உதிரம் போகும் சிறுமிக்கு, சிறு காயத்திலும் ரத்தம் நிற்க நேரமாகிறதா, பல் பிடுங்கியபோது அதிக ரத்தம் போனதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதில் பிறவிக் குறை உள்ள பெண்கள் பலர் முதன்முதலில் இந்த வழியாகத்தான் கண்டறியப்படுகிறார்கள்.

நாற்பதைக் கடந்தவர்களுக்குச் சுழற்சி கூடியும் குறைந்தும் வருவது மாதவிடாய் நிற்கப்போவதன் தொடக்கமாக இருக்கலாம். தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்த பிறகே நின்றுவிட்டது என்று கொள்ள வேண்டும். நாற்பது வயதுக்கு முன்பே இந்த மாற்றங்கள் வந்தால் அதை வயதின் கணக்கில் எழுதாமல் பரிசோதிக்க வேண்டும்.

5. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்தல்

உடலுறவுக்குச் சிறிதேனும் வாய்ப்பிருந்த எல்லாப் பெண்களுக்கும், வேறு எந்த மருந்துக்கும் பரிசோதனைக்கும் முன் இந்தப் படி வர வேண்டும். கருத்தடை பயன்படுத்தினோம், சுழற்சியே சரியில்லாதபோது எப்படிக் கரு தங்கும், வயது 45 ஆகிவிட்டது என்ற மூன்று காரணங்களையும் சொல்லி இதைத் தாண்டிச் செல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றுமே செல்லாது. சுழற்சி தவறி வரும் பெண்ணுக்கும் எதிர்பாராத ஒரு மாதத்தில் கருமுட்டை வெளிவரலாம். பாலூட்டும் தாய்க்கு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கூட வெளிவரலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் பரிசோதனை அட்டையில் காலையின் முதல் சிறுநீரைச் சொட்டுவிட்டு, அட்டையின் உறையில் சொன்ன நேரத்துக்குள் கோடுகளைப் பாருங்கள். C என்ற எழுத்தருகே வரும் கட்டுப்பாட்டுக் கோடு தெரியாவிட்டால் அட்டை செல்லாது. நேரம் கடந்து மங்கலாகத் தெரியும் இரண்டாவது கோட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கருமுட்டை எப்போது வெளிவந்தது என்று தெரியாத பெண்ணுக்கு, கடைசி உடலுறவிலிருந்து 21 நாள் கழித்துச் செய்யும் பரிசோதனையே நம்பத்தக்கது. இல்லை என்று வந்தும் மாதவிடாய் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள்.

கர்ப்பம் உறுதியானால், அதைத் தொடர விருப்பமில்லை என்றாலும் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கரு கருக்குழாயில் இருந்தால் அந்த மாத்திரை பயனளிக்காது, ஆபத்தை மறைத்துவிடும். கருப்பையில் எச்சம் தங்கினால் உதிரம் நிற்காமல் போகும். மணமாகாத பெண்ணுக்கும் சட்டப்படி மருத்துவரிடம் பாதுகாப்பான கருக்கலைப்பு பெற உரிமை உண்டு.

மகளை அழைத்து வரும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரோ செவிலியரோ அவளிடம் சிறிது நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் சந்தேகம் கொள்ளாமல் வெளியே இருங்கள். எல்லாரிடமும் அப்படித்தான் கேட்கப்படுகிறது. அம்மாவின் முன்னால் அவள் சொல்லாமல் விட்ட ஒரு விவரம், அவளுக்கான சிகிச்சையையே தவறாக்கிவிடும்.

6. காரணத்தைச் சரியான காலத்தில் தேடுதல்

கருமுட்டை வெளிவந்த பிறகு மாதவிடாய் வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். இந்தப் பின்பாதி பெரிதாக மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் முட்டை முதிரும் முன்பாதிதான். எனவே மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், பெரும்பாலும் முட்டை வெளிவருவது தள்ளிப்போயிருக்கிறது.

இதன் பயன் என்னவென்றால், இந்த வாரம் என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். கடும் காய்ச்சல், பொதுத்தேர்வு, இரவுப் பணிக்கு மாறியது, வீட்டில் ஒரு மரணம், வேகமாக எடை குறைத்தது ஆகியவை அந்தக் காலத்தில் இருந்தால் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூளை உடலின் நெருக்கடியை உணர்ந்து முட்டையை முதிரச் செய்யும் சமிக்ஞையைக் குறைத்துவிடும். இப்படி ஒரே ஒரு சுழற்சி தவறி, அடுத்தது சரியாக வந்துவிட்டால் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

திரும்பத் திரும்பத் தவறினால் கூடவே வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள். தாடையிலும் மேலுதட்டிலும் தடித்த முடி, அடங்காத பரு, கழுத்தின் பின்புறம் கருமை, இடுப்பைச் சுற்றி எடை கூடுதல் ஆகியவை பி.சி.ஓ.எஸ். (முட்டை முழுதாக முதிராமல் சுழற்சி தவறி, ஆண் ஹார்மோன் மிகும் சினைப்பைக் கோளாறு) பக்கம் காட்டுகின்றன. மலச்சிக்கல், குளிர் தாங்காமை, சோர்வு ஆகியவை தைராய்டு குறைவைக் காட்டலாம். உணவைச் சுருக்கி, அதிகமாக ஓடியாடி, மெலிந்துபோன பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால் உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்திருக்கிறது என்று பொருள். எலும்பு வலுவிழக்கத் தொடங்கும் என்பதால் இதை விளையாட்டு வீராங்கனைகளுக்கு இயல்பு என்று விட்டுவிடக் கூடாது.

7. மருத்துவரிடம் செல்லும் நேரமும் பரிசோதனைகளும்

முறையாக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் வராவிட்டாலும், சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ, பூப்படைந்து மூன்று ஆண்டுகள் கழித்தும் 38 நாளைத் தாண்டி அடிக்கடி நீண்டுகொண்டோ வந்தாலும், ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மகப்பேறு மருத்துவர் அருகில் இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம்.

பரிசோதனைகளை நீங்களாக ஆய்வகத்தில் "ஹார்மோன் பேக்கேஜ்" என்று கேட்டு எடுக்காதீர்கள். பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, எந்த நாளில் எடுத்தது என்று தெரியாத முடிவை மருத்துவரால் படிக்க முடியாது. சினைப்பையைத் தூண்டும் மூளை ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவற்றை மாதவிடாயின் 2 முதல் 4-ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டும்; மாதக்கணக்கில் வராதவருக்கு மட்டும் எந்த நாளிலும் எடுக்கலாம். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ரத்தப்போக்கால் குறைந்திருக்கக்கூடிய ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்கு நாள் கணக்கு இல்லை.

புரோலாக்டின் பரிசோதனைக்குப் பேருந்தைப் பிடிக்க ஓடி வந்து உடனே கையை நீட்டக் கூடாது. பதற்றமும் உடலுழைப்பும் அதை உயர்த்திக் காட்டும். எழுந்து இரண்டு மணி நேரமாவது கழித்து, சற்று நேரம் அமைதியாக அமர்ந்த பிறகு ரத்தம் கொடுங்கள். சற்றே கூடுதலாக வந்தால் மறுபடி எடுத்துப் பார்க்காமல் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை.

முடி உதிர்வுக்கான மாத்திரைகளில் உள்ள பயோட்டின் என்ற வைட்டமின் தைராய்டு முடிவைப் பிறழச் செய்யும் என்பதால், குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முடிவு சரியாக வராது; அதை நிறுத்திச் சுமார் மூன்று மாதம் கழித்தே எடுக்க வேண்டும், இடைப்பட்ட காலத்தில் வேறு கருத்தடை தேவைப்படும்.

ஸ்கேன் எடுக்கச் செல்லும்போது நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை விலக்கிக் கருப்பையைத் தெளிவாகக் காட்டும். மணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனே வழக்கம். பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கேன் உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யப்படக் கூடாது.

ஸ்கேன் அறிக்கையில் நீர்க்கட்டி என்று பார்த்ததும் கலங்கி நிற்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பி.சி.ஓ.எஸ்.-இல் தெரிபவை, வளர்ச்சி பாதியில் நின்றுபோன, முட்டைகள் அடங்கிய நுண்பைகள். அவை வெடிக்கப்போவதில்லை, அறுவை செய்து எடுக்க வேண்டியவையும் அல்ல. சுழற்சி தவறுதல், ஆண் ஹார்மோன் மிகுதியின் அறிகுறி அல்லது ரத்தத்தில் அதன் கூடுதல் அளவு, சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்து, தைராய்டு, புரோலாக்டின் போன்ற பிற காரணங்களும் விலக்கப்பட்டால்தான் வளர்ந்த பெண்ணுக்கு இந்த நோய் என்று சொல்ல முடியும். ஸ்கேன் மட்டும் போதாது. பூப்படைந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு இந்த நோயை முடிவுசெய்ய ஸ்கேனையே பயன்படுத்தக் கூடாது என்பது சர்வதேச வழிகாட்டுதல். அந்த வயதில் பலரின் சினைப்பை அப்படித்தான் இருக்கும்.

பி.சி.ஓ.எஸ். என்று உறுதியானால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் ஒற்றை அளவு தொடக்க நிலைக் கோளாறைத் தவறவிடும்.

8. காரணத்துக்கு ஏற்ற சிகிச்சை

வரவழைக்கும் மாத்திரை எனக் கடைகளில் தரப்படுவது பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து. சில நாள் சாப்பிட்டு நிறுத்தினால் கருப்பையின் உள்வரி உதிர்ந்து ரத்தமாக வரும். முட்டை வெளிவந்ததா இல்லையா என்பதற்கும் அந்த உதிரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் மருத்துவரின் கையில் இதே மருந்துக்குப் பெரிய பயன் உண்டு. பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்கு முட்டை வெளிவராமல் மாதங்கள் கழிந்தால் உள்வரி தடித்துக்கொண்டே போய், ஆண்டுகள் கடந்தால் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அதை உதிரச் செய்ய மருத்துவர் இந்த மாத்திரையைத் தருவார்.

ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையும் பி.சி.ஓ.எஸ்.-க்குத் தரப்படுகிறது, அது சுழற்சியோடு பருவையும் முடி வளர்ச்சியையும் கட்டுப்படுத்தும். மணமாகாத மகளுக்குக் கருத்தடை மாத்திரையா என்று கோபித்து நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. அது இங்கே ஹார்மோன் மருந்து. பின்னாளில் கரு தங்குவதை அது கெடுப்பதில்லை. கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு ஆகியவை இருந்தால் மட்டும் மாத்திரை எழுதும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது ஆபத்தானது.

குழந்தை வேண்டும் என்பவருக்கு வழி வேறு. முட்டையை வெளிவரச் செய்ய லெட்ரோசோல் முதல் மருந்தாகத் தரப்படுகிறது. தைராய்டு குறைவுக்குத் தைராக்சினும், புரோலாக்டின் மிகுதிக்குக் கேபர்கோலினும் கொடுத்தால் பலருக்குச் சுழற்சி தானாகவே சீராகிவிடும். 45 வயதைக் கடந்து தாறுமாறாக உதிரம் போகிறவருக்கு உள்வரியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், காபி, பால் ஆகியவற்றோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள். அளவு சரியானதும் நிறுத்திவிடுவது பொதுவான பிழை. சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

9. உணவும் உடலுழைப்பும்

எடை கூடிய பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்குகிறது. 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை முதல் ஏழு கிலோ. பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைத்தால் அதுவே சுழற்சியை நிறுத்தும் என்பதால் மெதுவாகக் குறையுங்கள். தட்டில் சோற்றின் அளவைச் சுருக்கி, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, கீரை, கூட்டு ஆகியவற்றை வையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடப்பது எடை குறையாவிட்டாலும் இன்சுலின் வேலை செய்யும் திறனைக் கூட்டும். மெலிந்த பெண்ணுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர் உணவைக் கூட்டி உடற்பயிற்சியைக் குறைக்க வேண்டும்.

பப்பாளியும் எள்ளுருண்டையும் உணவாக நல்லவை. சுழற்சியைச் சீராக்கும் மருந்தாக அவற்றை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள். என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிடாத பொடிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

10. சிகிச்சையின் போதும் பின்பும் குறித்தல்

சிகிச்சை தொடங்கியதும் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். மாத்திரையால் வந்த உதிரத்தை வட்டமிட்டும், தானாக வந்ததைக் கோடிட்டும் குறியுங்கள். மாத்திரை சாப்பிட்ட மாதங்களில் 28 நாளுக்கு ஒருமுறை வந்ததைக் கண்டு குணமாகிவிட்டது என்று நிறுத்துபவர்களுக்கு, அந்த ஒழுங்கு மாத்திரையினுடையது என்பதை அந்த வட்டங்கள் நினைவூட்டும்.

மருந்தை நிறுத்திய பின் மூன்று மாதம் வரை தானாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனையை முதலில் செய்துவிட்டு, குறிப்பேட்டோடு அதே மருத்துவரிடம் செல்லுங்கள். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் சுழற்சி சீரான பின்பும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்; கருவுறத் திட்டமிட்டால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லி, சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்த பிறகு தொடங்க வேண்டும்.